மாப்பிள்ளை கலந்த மருந்து

என் தங்கச்சி வீட்டுக்காரர் பெயின்டர். மாப்பிள்ளை என்பதற்காகப் புகழவில்லை. அவர் பட்டி பார்த்துத் தேய்த்த சுவரில் கன்னத்தை வைத்துத் தூங்கலாம். ஆனால் எதைக் கையில் எடுத்தாலும் கொஞ்சம் கலக்காமல் அவருக்கு மனசு ஆறாது. பெயின்டில் தண்ணீர், வார்னிஷில் தின்னர், டீயில் வெந்நீர். கெட்டியாக இருந்தால் எதுவும் சரியாக உட்காராது என்பார். தொழிலில் அது உண்மைதான். தொழிலோடு நிறுத்தியிருக்கலாம்.

அவர்கள் கீழ் வீடு, நான் மாடி. நான் ஸ்கூல் வேன் ஓட்டுகிறவன், காலையில் சீக்கிரம் எழுந்தாக வேண்டும். தூக்கம் கெட்டால் எனக்கு வரும் கோபத்தை வேனில் வரும் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லும். அந்த மழைக்காலம் முழுக்க என் தூக்கத்தைக் கெடுத்தவள் என் மருமகள், மூன்று வயதுப் பாப்பா. அவளுக்கு முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் எக்ஸிமா. சிவந்து தடித்து, சொறிந்து சொறிந்து ரத்தமே வந்துவிடும். நகம் படாமலிருக்கக் கைகளில் சாக்ஸ் மாட்டிவிட்டார்கள். சாக்ஸ் போட்ட கையாலும் தேய்த்துக்கொண்டே அழுவாள். திட்டலாம் என்று கீழே இறங்கிப் போவேன். அவளைப் பார்த்ததும், கழன்ற சாக்ஸை மாட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

டாக்டரிடம் காட்டாமல் இல்லை. தோல் டாக்டரம்மா ஒரு ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுத்து, சிவந்த இடத்தில் மட்டும் தினம் ஒரு தடவை போடச் சொல்லியிருந்தார். அது மாப்பிள்ளையின் பொறுப்பு. பாப்பா அவர் மடியில் மட்டும்தான் ஆடாமல் உட்காருவாள். மூன்று வாரம் ஆயிற்று. சிவப்பு கொஞ்சம் மங்கும், மறுபடியும் ஏறும். மருந்து சரியில்லை, டாக்டரை மாற்று என்று நான் குதித்தேன். எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கும் மாப்பிள்ளை அதற்கு மட்டும் டீ போட எழுந்து போய்விட்டார்.

மறுபடி காட்டப் போனபோது நானும் ஒட்டிக்கொண்டேன், டாக்டரம்மாவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பதற்காக. அவர் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. பாப்பாவின் காலைத் திருப்பிப் பார்த்தார், பிறகு ட்யூபைக் கேட்டார். மாப்பிள்ளை எடுத்து வைத்தார். வால் பக்கம் லேசாக நசுங்கியிருந்ததே தவிர, ட்யூப் கொழுகொழுவென்று இருந்தது. இந்நேரம் இது பாதிக்கு மேல் காலியாகியிருக்க வேண்டுமே என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கடைசியில் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார்.

உள்ளே வழவழவென்று, கட்டி தட்டாமல் ஒரு கலவை. ஒரு பங்கு மருந்து, ஆறு பங்கு வேசலின். எங்கள் மாப்பிள்ளையின் கைவரிசை. கூட வந்திருந்த என் தங்கச்சி டப்பாவைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தாள். எனக்குச் சிரிப்பதா அடிப்பதா என்று தெரியவில்லை.

விஷயம் இதுதான். அவரோடு வேலை பார்த்த டைல்ஸ்காரர் ஒருவர், முகம் பளபளக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, டாக்டரைக் கேட்காமல் ஒரு ஸ்டீராய்டு க்ரீமை வாங்கி மாதக் கணக்கில் பூசியிருக்கிறார். தோல் மெலிந்து, ரத்தக் குழாய்கள் வெளியே தெரிய, வெயில் பட்டாலே எரிகிறது என்று இப்போது தொப்பியும் கையுமாகத் திரிகிறார். பாப்பாவின் ட்யூபிலும் ஸ்டீராய்டுதான் என்று தெரிந்ததும் மாப்பிள்ளை பயந்துவிட்டார். போடாமலும் இருக்க முடியாது, போடவும் கை வரவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியைச் செய்துவிட்டார்.

"இந்தத் தோலோடதானே மேடம் அவ காலம் பூரா இருக்கணும். என் கையாலேயே அதைக் கெடுத்துட்டேன்னா?" என்றார். நான் தயாராக வைத்திருந்த கேலியை விழுங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. பயந்ததில் தப்பில்லை, அந்த டைல்ஸ்காரர் மருந்தை முகத்தில், கேட்பாரில்லாமல் பூசியிருக்கிறார். இது பாப்பாவின் வயசும் இடமும் பார்த்துக் கொடுத்த வீரியம் குறைந்த மருந்து என்றார்.

"கலந்துட்டா மருந்து சாதுவாயிடாதுங்க. ஒரு இடத்துல அதிகமா விழும், ஒரு இடத்துல விழவே விழாது. இப்படிப் பயந்து பயந்து போட்டா மாசக் கணக்கா போட்டுக்கிட்டே இருக்கணும். சரியான அளவு போட்டா சீக்கிரம் நிறுத்திடலாம்."

மாப்பிள்ளையின் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ட்யூபை ஒரு கோடாகப் பிதுக்கிக் காட்டினார். விரல்களோடு சேர்த்து அவருடைய இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு இந்தக் கோடு போதுமாம். இத்தனை சதுர அடிக்கு இத்தனை லிட்டர் என்று கேட்டே பழகியவருக்கு முகம் தெளிந்துவிட்டது. வேசலினை என்ன செய்வது என்று கேட்டார். அதைத் தனியாக, உடம்பு முழுக்க, தாராளமாகத் தடவலாம்; இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம் விட வேண்டும் என்றார் டாக்டரம்மா. "முதல் கோட்டிங் காயணும்" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அன்றிலிருந்து மனுஷன் கண்ணும் கருத்துமாக இறங்கிவிட்டார். விரலில் கோடு, மடியில் பாப்பா, பக்கத்தில் கடிகாரம். ஒரு வாரத்தில் சிவப்பு அடங்கியது, சாக்ஸ் காலுக்கே திரும்பியது. வீடே அசந்து தூங்கியதில் நான் வேனைத் தாமதமாக எடுத்து, பிள்ளைகளின் அம்மாக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

டாக்டரம்மா சொன்னபடி தோல் வழவழப்பானதும் மருந்தை நிறுத்திவிட்டு வேசலினை மட்டும் தொடர்ந்தார். மிச்ச மருந்து வீணாகிறதே என்று நான் மூக்கை நுழைத்தேன். வேன் சீட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து என் தொடையிலும் வட்டமாக ஒரு அரிப்பு இருந்தது. கொஞ்சம் கொடுங்கள் மாப்பிள்ளை என்று கேட்டேன்.

"அது பாப்பாவுக்கு எழுதினது மச்சான். உங்க தொடையை நீங்களே தூக்கிட்டுப் போய் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

போனேன். படர்தாமரையாம். பாப்பாவின் மருந்தைப் பூசியிருந்தால் நன்றாகப் பரவியிருக்கும் என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளைக்கு இதைச் சொல்லாமலே இருந்திருப்பேன், தங்கச்சி சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழே ஒரே சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அந்த மாதம்தான் மாப்பிள்ளை பெயின்ட் அடித்து முடித்த கூடத்துச் சுவரில், பாப்பாவின் தலை உயரம் வரைக்கும் சிவப்பு க்ரேயான் சுழிகள். கடைக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்த தங்கச்சி, பையைக்கூடக் கீழே வைக்காமல் கத்திக்கொண்டிருந்தாள். சுவரில் ஈ உட்கார்ந்தாலே துரத்துகிற மாப்பிள்ளை, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பார்த்துக்கொண்டு ஏன் சும்மா இருந்தீர்கள் என்று நானும் கத்தினேன்.

"ஒரு மணி நேரமா பார்த்துட்டு இருக்கேன் மச்சான்" என்றார், பாப்பாவிடமிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு தடவைகூட அவ சொறியவே இல்ல."