கீழ்ப்பாதி

செய்தி வந்தபோது மாலை நான்கு மணி. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், அண்ணன் தேய்த்த வில்லையை ஊதி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அவரு போயிட்டாரு மாமா," என்று தம்பி மனைவி போனில் அழுதாள். "யாரும்மா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பிறகு அந்த வில்லையைச் சட்டத்தில் பொருத்திவிட்டுத்தான் எழுந்தார். ஏன் பொருத்தினார் என்று அவருக்கு இன்றும் விளங்கவில்லை.

தலை நரைத்த பிறகும் ஞாயிறு என்றால் அண்ணனுக்கும் தம்பிக்கும் பழைய வீடியோ கேம் பெட்டிதான். கார்ப் பந்தயம். திரை இரண்டாகப் பிரியும். அண்ணன் கைக் கன்ட்ரோலரின் ஒயரில் கால் இடறிப் பெட்டியையே உருட்டிவிட்ட பிறகு, தம்பி ஒயரில்லாக் கன்ட்ரோலர்களும் அவற்றுக்குத் தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவரும் வாங்கிவந்து செருகினான். ஒயர் ஒழிந்தது. எந்தக் கன்ட்ரோலரை முதலில் ஆன் செய்கிறோமோ அதற்குத் திரையின் மேல்பாதி. "முந்துனவன் மேல, தூங்குனவன் கீழ. வாண்ணே!" என்பான். அண்ணன் ஒரு நாளும் முந்தியதில்லை.

உறவினர்கள் கிளம்பிப்போன பின், பெட்டியும் கன்ட்ரோலர்களும் இவர் வீட்டுக்கு வந்தன. இவர் மனைவி தம்பியின் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டாள். இவர் தன்னுடையதை முதலில் ஆன் செய்தார். பந்தயம் தொடங்கியதுமே வண்டி சுவரில் முட்டியது. பின்வாங்கி, மறுபடியும் முட்டினார்.

"ஊர்க் கண்ணையெல்லாம் சரி பண்றீங்க, உங்க கண்ணு எங்க போகுது? உங்க வண்டி மேல இருக்குங்க!"

"மேல அவன்தானே?"

அவள் சிரிப்பதற்குத் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

இப்போதெல்லாம் தம்பியுடையதை முதலில் ஆன் செய்து மெத்தை மேல் வைக்கிறார். பிறகுதான் தன்னுடையது. "எனக்குக் கீழ்ப்பாதி வேணும்ல?" என்கிறார், யாரும் கேட்காமலே. தம்பியோடு தொடங்கிய கோப்பைப் போட்டியில் கடைசிப் பந்தயம் மட்டும் பாக்கி. இரண்டு வண்டிகளும் முடிவுக் கோட்டைத் தாண்டினால்தான் பெட்டி கோப்பையைக் கொடுக்கும்.

"தம்பி வண்டிய நானே ஓட்டி முடிச்சிடட்டா?" என்கிறாள் மனைவி.

"இரு, இரு... எதுக்கு இப்ப அவசரம்?"

இவர் வண்டி எப்போதோ கோட்டைத் தாண்டிவிட்டது. சும்மா கிடந்தால் தம்பியின் கன்ட்ரோலர் தானாக அணைந்துவிடும். எனவே நடுநடுவே மெத்தைப் பக்கம் சாய்ந்து, அதன் ஹாரன் பொத்தானை மட்டும் மெல்லத் தட்டுகிறார். மேல்பாதியில் தம்பியின் சிவப்பு வண்டி இன்னும் புறப்படவில்லை.