வக்கீல் வீட்டுச் சம்பந்தம்

எங்கள் அத்தை பதினோராம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாகத் தேறிய வருஷம் எனக்கு ஆறு வயது. எனக்குப் பட்டுப்பாவாடை தைத்ததும் அதே வருஷம்தான். அத்தை தேறியதற்காகத்தான் எனக்குப் பாவாடை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வகையில் அது சரிதான்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. தக்காளி, அவரை, ராகி என்று ஏதாவது ஒன்று எப்போதும் நிலத்தில் இருக்கும். எதை விதைப்பது என்பதிலிருந்து யார் எங்கே போவது என்பது வரை தாத்தா வைத்ததுதான் சட்டம். அத்தை அவருக்குக் கடைசிப் பெண். சேலத்துக்குப் போய்க் காலேஜில் படிக்க வேண்டும் என்று அத்தை கேட்டபோது தாத்தா, "படிச்ச வரைக்கும் போதும். ஆவணிக்குள்ள ஒருத்தன் கையில புடிச்சுக் குடுத்துரலாம்" என்றார். அத்தை அழவில்லை, சண்டை போடவில்லை, சிரிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டாள். அவளுடைய சிரிப்பு எங்கள் கிணற்று மோட்டார் சத்தம் மாதிரி. ஓடும்போது யாரும் கவனிப்பதில்லை, நின்றால் எல்லோரும் வெளியே வந்து பார்ப்போம்.

பெரியப்பாவுக்கு அது தாங்கவில்லை. தாத்தாவுக்குத் தெரியாமல் கடன் தேடப் புறப்பட்டார். சொசைட்டியில் மாடு வாங்கக் கொடுப்பார்கள், கிணறு வெட்டக் கொடுப்பார்கள். தங்கச்சி படிப்புக்கு என்றதும் அங்கிருந்த எழுத்தர், "ஒரு ஜோடி மாடுன்னு சொல்லுங்க, பாக்கலாம்" என்று சிரித்தாராம். பாலக்கோட்டு மண்டிக்காரர் இன்னும் பூக்கவே பூக்காத தக்காளியைத் தன் பேருக்குக் கேட்டார். வட்டிக்குக் கொடுப்பவர் நிலப் பத்திரத்தைக் கேட்டார். பத்திரம் தாத்தாவின் இரும்புப் பெட்டியில் இருந்தது, பெட்டிச் சாவி தாத்தாவின் அரைஞாண் கயிற்றில் இருந்தது.

கடைசியில் அத்தையின் பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஒருவர்தான் வழி காட்டினார். தர்மபுரியில் ஒரு வக்கீல் இருந்தார். யாரோ ஒரு புண்ணியவான் எழுதிவைத்துவிட்டுப் போன தர்மப் பணம் அவர் பொறுப்பில் இருந்தது. அதிலிருந்து வசதியில்லாத பிள்ளைகள் படிக்க வட்டியில்லாமல் கடன் கொடுப்பார், வேலைக்குப் போன பிறகு திருப்பினால் போதும். ஆனால் பெண்பிள்ளை என்றால், வீட்டுப் பெண்கள் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். பணம் வாங்கிய சில பெண்களைப் பாதியில் கல்யாணம் என்று இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

தாத்தாவைத் தாண்டி வீட்டுப் பெண்களை எப்படித் தர்மபுரிக்குக் கூட்டிப்போவது? எங்கள் வீட்டில் மூளை பெரியம்மாவுக்கு. தர்மபுரியில் நல்ல வக்கீல் வீடு ஒன்று இருக்கிறது, அத்தைக்காகப் பேசிப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று பெரியப்பாவைத் தாத்தாவிடம் சொல்ல வைத்தாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை. ஆறு வயதுப் பிள்ளையைக் கூப்பிட்டு வைத்து யார் விளக்குவார்கள்?

தாத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் வீட்டுப் பெரியவர் முதல் தடவையே போய் நின்றால் மதிப்பில்லை என்று அவர் வரவில்லை. ஆனால் அனுப்பி வைக்கிற வேலை முழுவதும் அவருடையதுதான். பித்தளைத் தாம்பாளத்தில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாவற்றையும் தன் கையாலேயே எடுத்து வைத்தார். வேண்டாம் என்று பெரியப்பா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "வெறுங்கையோட போவியாடா?" என்று ஒரு அதட்டு. பெரியப்பா, பெரியம்மா, அம்மா என்று மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்று நாலாவது ஆளாக என்னையும் அவர்தான் சேர்த்தார். பாவாடை இதற்காக வந்ததுதான்.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அத்தை படிப்புக்குப் பணம் கேட்கப் போகிறோம் என்று அம்மா என் காதில் சொன்னாள். பணம் கேட்க எதற்குப் பட்டு என்று கேட்டேன். "பேசாம வாடி" என்றாள். பெரியப்பாவோ மடியில் தாம்பாளத்தை வைத்துக்கொண்டு, போலீஸ்காரர் பிடித்து உட்கார வைத்த ஆள் மாதிரி வேர்த்துக்கொண்டே வந்தார். அதைப் பஸ்ஸிலேயே விட்டுவிடலாம் என்று பெரியம்மா சொன்னாள். அப்பா கையால் வைத்த தேங்காயை எப்படி விடுவது என்று அவருக்கு மனசு வரவில்லை.

வக்கீல் வீட்டுக் கதவைத் திறந்த அம்மாள் எங்கள் பட்டையும் பார்த்தார், தாம்பாளத்தையும் பார்த்தார், அப்படியே கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"ஐயோ, வூடு மாறி வந்துட்டீங்க போலிருக்குதே! எங்களுக்குப் பையன் இல்லீங்களே. ரெண்டும் பொண்ணுங்க!"

பெரியப்பா சுற்றுவட்டாரத்தில் பல கல்யாணங்களைப் பேசி முடித்தவர். வழியெல்லாம் கடன் கேட்பதற்கு என்று மனப்பாடம் செய்து வைத்திருந்த வார்த்தைகள் அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டன. கையில் தாம்பாளம் இருந்ததால் வாய் பழைய பழக்கத்தில் ஓடிவிட்டது.

"எங்க தங்கச்சிங்க. தங்கமான புள்ளைங்க. அதிர்ந்து பேச மாட்டாளுங்க, வேலையில அவ்வளவு சூட்டிகைங்க..."

பெரியம்மா அவர் இடுப்பில் ஒரு இடி இடித்தாள். அதன் பிறகுதான் சட்டைப் பையிலிருந்து அத்தையின் மார்க் சீட்டு வெளியே வந்தது. உள்ளேயிருந்து வந்த வக்கீல் அதை வாங்கிப் படித்தார். எங்களை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கடன் கேட்டுத் தாம்பூலத்தோடு யாரும் தன் வீட்டுக்கு வந்ததில்லை என்றார். பெரியம்மா மறைக்காமல் நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பு அடங்கியது.

"நாளைக்குப் பெரியவரு பேச்சைக் கேட்டுக்கிட்டுப் பாதியில கல்யாணம்னு நிறுத்திர மாட்டீங்களே?"

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். பெரியம்மா தரையைப் பார்த்தாள். அப்போது கதவோரமாக நின்றிருந்த அம்மா, "மாட்டோமுங்க. நான் பொறுப்புங்க" என்றாள். அந்நிய ஆணுக்கு முன்னால் அம்மா வாய் திறந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

"செரி. பொண்ணு காலேஜ் முடிக்கட்டும். பணம் நாங்க குடுக்கறோம். மத்ததை அப்பறம் பாத்துக்கலாம்" என்றார் வக்கீல்.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது அந்த வீட்டு மூத்த அக்கா என்னை உள்ளே கூட்டிப்போய் பிஸ்கட் கொடுத்தாள். மெட்ராஸில் டாக்டருக்குப் படிப்பதாகச் சொன்னாள். புறப்படும்போது தட்டை வெறுமையாக அனுப்பக் கூடாது என்று வக்கீல் வீட்டம்மாள் குங்குமமும் பூவும் லட்டும் வைத்துக் கொடுத்தார்.

வீடு திரும்பியபோது வாசலிலேயே காத்திருந்த தாத்தா முதலில் தாம்பாளத்தைத்தான் பார்த்தார். "அடேய், தட்டே மாத்திட்டாங்களா!" என்று முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

பெரியப்பா குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "பெரிய எடம்ப்பா. படிச்ச பொண்ணா இருக்கணும்ங்கறாங்க. காலேஜ் முடிக்கட்டும்ங்கறாங்க. செலவுக்குக் கூட அவங்களே குடுக்கறாங்களாம். மத்ததை அப்பறம் பாத்துக்கலாம்னு சொல்றாங்க."

நான் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். எல்லாம் உண்மைதானே?

தாத்தா தாம்பாளத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, "அவ்வளவு பெரிய வூட்ல கேக்கறப்ப நாம என்ன சொல்றது, படிக்கட்டும்" என்றார். உள்ளே பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. தொடர்ந்து அத்தையின் சிரிப்பு கேட்டது. ஒரு மாதமாக நின்று கிடந்த மோட்டார் மறுபடியும் ஓடத் தொடங்கியது.

சாயங்காலம் தாத்தா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"பையன் எப்பிடிம்மா இருந்தான்?"

"எந்தப் பையன் தாத்தா?"

"வக்கீல் வூட்டுப் பையன்."

"அங்க பையனே இல்ல தாத்தா. ரெண்டு அக்காங்கதான். ஒரு அக்கா டாக்டருக்குப் படிக்கறாங்க. பிஸ்கட் குடுத்தாங்க. அத்தை படிக்கறதுக்குப் பணமும் குடுக்கறாங்க. வேலைக்குப் போயித் திருப்பிக் குடுத்துரணுமாம்."

தாத்தாவின் கை தவிட்டுத் தொட்டியிலேயே நின்றுவிட்டது. மாடு அவர் கையை முட்டியது. கிணற்றடியில் அத்தை அம்மாவிடம் ஏதோ சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தாத்தா அந்தப் பக்கமே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை உதறித் துடைத்துக்கொண்டு, மடியிலிருந்த தன் பங்கு லட்டை எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்கு லட்டு கிடைத்ததே போதுமாக இருந்தது. வீட்டில் வேறு யாரும் இதைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அத்தை சேலம் போனாள். அதற்கப்புறம் சந்தையில் யாராவது தாத்தாவிடம் அத்தைக்கு வரன் என்று வாயெடுத்தால் போதும், "எம் பொண்ணு வக்கீல் வூட்டுக்குப் போவப்போறவ. அவங்கதான் படிக்க வெக்கறாங்க" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பிவிடுவார். ஒவ்வொரு லீவுக்கும் அத்தை வந்து இறங்கியதும், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது தாத்தா பெரியப்பாவைப் பார்த்து, "வக்கீல் வூட்ல என்னடா சொல்றாங்க? பையன் நல்லா இருக்கறானா?" என்று கேட்பார். பெரியப்பாவுக்குப் புரையேறும். பெரியம்மா தண்ணீர் எடுக்க ஓடுவாள். அந்த வீட்டில் பையனே கிடையாது என்று சொன்ன பிறகும் தாத்தா ஏன் அதையே கேட்கிறார், வயசாகி மறந்துவிட்டதோ என்று எனக்குக் கவலையாக இருக்கும்.

அத்தை பி.ஏ. முடித்தாள். பென்னாகரம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலையும் கிடைத்தது. இனிமேல் மறைக்க முடியாது என்று ஒரு நாள் பெரியப்பா நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டு தாத்தாவுக்கு முன்னால் போய் நின்றார். தாத்தா முறத்தை வைத்துக்கொண்டு அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். பெரியம்மா, அம்மா, அத்தை எல்லோரும் சமையலறைக் கதவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் தாத்தாவுக்கு எதிரில் உட்கார்ந்து தோல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அப்பா... அந்த வக்கீல் வூட்டுச் சம்பந்தம்... ஒத்து வராது போலிருக்குதுப்பா."

தாத்தா தலை நிமிரவில்லை.

"எப்பிடிடா ஒத்து வரும்? அங்க இருக்கறது ரெண்டும் பொண்ணுங்க" என்றார். இன்னொரு காயை உரித்து முறத்தில் போட்டார். "மொத சம்பளத்துல அவங்க பணத்தைக் குடுக்க ஆரம்பிக்கச் சொல்லு. நம்மள மாதிரி இன்னொரு வூட்டுப் புள்ளைக்கு ஆவும்."

பெரியப்பா நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை ஓடி வந்து தாத்தாவின் காலடியில் விழுந்து சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எல்லோருடைய பார்வையும் கடைசியில் என் மேல் வந்து நின்றது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான்தான் அதை அன்றைக்கே தாத்தாவிடம் சொல்லிவிட்டேனே, இதற்குப் போய் இவர்கள் ஏன் இப்படித் திகைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, தோலைப் பொறுக்கி மாட்டுக்கூடையில் போட்டேன்.