பிள்ளையை எனக்குத் தராத கனகம் அக்கா

இராஜாக்கமங்கலத்து வளையல்கடை கனகம் அக்கா போன செவ்வாய்க்கிழமை இறந்துபோனார். கருங்கல் ஊரில் நான் என் பாத்திரக்கடை ஷட்டரைத் தூக்கிய கையோடு அவர் மகள் செல்வியின் போன் வந்தது. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. திருவிழாக்களில் கடை போடும் நம்மில் அவரிடம் ஏச்சு வாங்காதவர் இருக்க முடியாது. எனக்குக் கிடைத்த ஏச்சைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பதினோரு வருடத்துக்கு முன்பு, சுசீந்திரம் தேரோட்டம். அப்போது எனக்குக் கடை என்று ஒன்று கிடையாது. ஊர் ஊராகப் போய்த் தார்ப்பாய் விரித்து அலுமினியப் பாத்திரம் விற்பேன். மனைவி சுகந்தி, நாலு வயது ஜெனியை என்னிடம் விட்டுவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனாள். ஒரு பெண்மணி இட்லிக்கொப்பரைக்கு விலை பேசினார். அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. வியாபாரம் படிந்து திரும்பிப் பார்த்தால் பிள்ளை இல்லை. தேர் தெருமுனை திரும்பும் நேரம். வடத்தோடு கூட்டம் நெருக்கி வந்துகொண்டிருந்தது.

அந்நேரம் பக்கத்துப் பொரிக்கடைக்காரர் பொரி விலையைக் கூவுவதை நிறுத்திவிட்டு, "பிள்ள ஒண்ணு வளையல்கடையில இருக்கு" என்று கூவினார். கனகம் அக்கா சொன்னதை அடுத்த கடை வாங்கிக் கூவி, அதற்கடுத்த கடை வாங்கிக் கூவி, முப்பது கடை தாண்டி எங்களிடம் வந்திருக்கிறது. ஆணா பெண்ணா, என்ன உடுப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஓடினேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அடியில் துண்டு போர்த்தி ஏதோ ஒரு பிள்ளை தூங்குவது தெரிந்தது; முகம் தெரியவில்லை. பெண் பிள்ளை, நாலு வயது என்றேன். உடுப்பு என்ன நிறம் என்று கேட்டார். சிவப்பு என்றேன்.

"இது செவப்பு இல்ல தம்பி."

அப்படியானால் இது வேறு யாருடைய பிள்ளையோ. என் பிள்ளை தேர்ப்பக்கம் போயிருக்கிறது. நான் திரும்பி ஓடப் போக, அக்கா சட்டையைப் பிடித்து நிறுத்தினார். "நில்லுலே. வெப்ராளப்படாத, பதறாத. பிள்ளைக்க அம்மை எங்க? அவள வரச்சொல்லு."

கூட்டத்தில் போன் எடுபடவில்லை. ஆனால் கூவல் கேட்டுச் சுகந்தியே வந்துவிட்டாள். மூச்சிரைக்கச் சொன்னாள்: மஞ்சள் கவுன், வலது செருப்பில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருக்கிறது. அக்கா துண்டை விலக்கினார். ஜெனிதான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது கோபம். அழுதுகொண்டு நிற்பவனைப் பார்த்தால் தகப்பன் என்று தெரியாதா என்று கேட்டுவிட்டேன்.

"அழுகவன் எல்லாம் அப்பனாக்கும்? ஒரு சட்டிய கையில எடுத்தா எடை சொல்லுவ. பெத்த பிள்ளை என்ன உடுத்திருக்குன்னு தெரியல்ல."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தாள், அதை நான் இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வருடத்திலிருந்து அவருக்குப் பக்கத்திலேயே கடை போட்டேன். ஒரு தடவை, வந்து நின்ற பிள்ளை ஒன்றுக்காக, "நீலச் சட்டைப் பையன்" என்று கூவிவிட்டேன். பெரிய உபகாரம் செய்ததாக நினைப்பு. அக்கா கையிலிருந்த வளையலை அப்படியே வைத்துவிட்டு வந்தார். "அடையாளத்தையும் நீயே வித்துட்டா, வாறவன்கிட்ட என்னத்தக் கேக்க?" என்றார். அன்று அந்தப் பையனின் பெற்றோரைப் பெயர், படிப்பு, காலையில் தின்ற பலகாரம் வரைக்கும் விசாரித்த பிறகுதான் அனுப்பினார். வியாபாரத்திலும் அப்படித்தான். பதினோரு வருடப் பழக்கத்தில் எனக்கென்று ஒரு ரூபாய் குறைத்ததில்லை.

அடக்கத்துக்கு ஜெனியும் வந்தாள். பத்தாவது படிக்கிறாள். அன்று நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. அழுதது நான்தான்.

செல்வி திருப்பூரில் இருக்கிறாள். வளையல்கடை இனி கிடையாது. சுசீந்திரம் தேரடிக்கு எதிரே அக்கா கடை போட்ட இடத்தை நான் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். கருங்கலில் இன்று இரண்டு கடை வைத்திருப்பவனுக்கு அங்கே என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. அம்மாவின் மகளல்லவா, நிபந்தனைகளைத்தான் சொன்னாள். ஒப்புக்கொண்டேன். மேசைக்கு அடியில் சரக்கு அடுக்கக் கூடாது. பிள்ளை வந்தால் வியாபாரத்தை நிறுத்திவிட்டுக் கூவ வேண்டும். அடையாளம் கூவக் கூடாது. அடையாளம் சொல்லாத எவரிடமும், அவர் என்னைப்போல நின்று அழுதாலும், பிள்ளையைக் கொடுக்கக் கூடாது.