தீர்த்தம் பட்ட மடிக்கணினி

“கடலுக்குப் போறவன்ர பிள்ளை, அந்தப் பெட்டிக்கு முன்னால குந்தியிருந்து என்னத்தைப் பிடிக்கப்போறாய்?”

மாமி கேட்ட கேள்வி இது. அப்பாவின் அக்கா அவர். கீரி என்ற எங்கள் கடற்கரை ஊரில், வீட்டு முற்றத்தில், நிறுவனம் அனுப்பிய மடிக்கணினியை நான் பொதியிலிருந்து எடுத்த அன்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன்.

எங்கள் வீட்டில் உயர்தரப் பரீட்சை சித்தியடைந்த முதல் ஆள் நான். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பாவுக்குக் கையொப்பம் போட மட்டும் வரும். இதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது, மறைப்பதற்கில்லை. மென்பொருள் படித்து, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலையும் எடுத்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்கள். மூன்றாம் மாத முடிவில், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, நான் செய்ததை எல்லோர் முன்னும் இயக்கிக் காட்ட வேண்டும். தவறினால் மடிக்கணினியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

என் வேலை, எங்கோ குளிர்நாட்டுத் தீவு ஒன்றின் பயணிகளுக்கு அடுத்த படகு எத்தனை மணிக்கு என்று காட்டும் பக்கம். நான் பார்க்காத கடல், ஏறாத படகு. கீரியில் இருந்து நான் ஒரு வரியை மாற்ற, அங்கே குடை பிடித்து நிற்கும் ஒருவர் அதைப் பார்த்து நடையை எட்டிப் போடுவார். இதை நினைத்தால் சில வேளைகளில் விரல்கள் அப்படியே நின்றுவிடும்.

அந்தத் திங்களுக்கு முந்தைய ஞாயிறு அப்பாவின் புது வள்ளத்துக்கு மந்திரிப்பு, ஆசீர்வாதச் சடங்கு. ஞாயிற்றில் எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து பங்குத்தந்தை கரைக்கு வந்து தீர்த்தம் தெளிப்பார், திங்கள் விடிய வள்ளம் இறங்கும். தீர்த்தம் எல்லாவற்றிலும் பட வேண்டும். வலையை விரித்து வைப்பார்கள், எஞ்சின் மூடியையும் கழற்றி வைப்பார்கள்.

நான் வீட்டில் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி வாளியோடு கரைக்கு வந்தபோது, வலைக்கும் எஞ்சினுக்கும் நடுவில், ஒரு துவாயின் மேல் என் மடிக்கணினி இருந்தது. அகலத் திறந்திருந்தது. அதன் மேல் நீர்த்துளிகள் வெயிலில் மின்னின.

“அம்மா, ஏன் திறந்தனீங்கள்?”

“மூடிக் கிடந்தா ஆசீர் உள்ள எப்பிடிப் போறது?” என்றார் அம்மா. “அதுவும் உழைக்கிற சாமான்தானே.”

பங்குத்தந்தை கையில் வேப்பங்கொத்தோடு நின்றார். “அம்மா கேட்டவ, பிள்ளை. நான் கொஞ்சம் தாராளமாத் தெளிச்சுப்போட்டன் போல.”

திரை கறுத்திருந்தது. நான் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்தக் கை நீட்டினேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“தொடாத. தண்ணி குடிச்ச எஞ்சினை உடன ஸ்டார்ட் பண்ணினா அதோட சரி.” பிறகு பங்குத்தந்தையிடம் திரும்பினார். “பாதர், தீர்த்தம் மந்திரிக்கேக்க உப்புப் போட்டனீங்களோ? உப்பெண்டா உள்ள அரிச்சுப்போடும்.”

“இல்லை, கோயில் கிணத்துத் தண்ணிதான்.”

“கோயில் கிணறும் அரைவாசி உப்புத்தான்” என்றார் மாமி.

அப்பா மடிக்கணினியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நிழலுக்குப் போனார். எஞ்சினுக்கு வைத்திருந்த சின்ன ஸ்குரூ டிரைவரை எடுத்தார். எதை எப்படிக் கழற்றுவதென்று நான் கைத்தொலைபேசியில் பார்த்து வாசிக்க, அவர் கழற்றினார். முதலில் பற்றரியின் இணைப்பு. பிறகு ஒவ்வொரு ஆணியாக, கழற்றிய வரிசையிலேயே தேங்காய்ச் சிரட்டைகளில் போட்டார். நைலோன் கயிறு இழுத்துக் காய்த்த அந்த விரல்கள் எள்ளளவு ஆணியைக் கீழே விடாமல் எடுத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அந்தக் கை வராது.

“ஞாயிறு வேலை செய்யிறாய், தம்பி” என்று மாமி சீண்டினார்.

“இது வேலை இல்லை அக்கா. முதலுதவி.”

இரண்டு நாள் காய வேண்டும் என்றார் அப்பா. எனக்கு இருந்தது ஒரு இரவு. செய்தவற்றை நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்துக்கு ஏற்றிவிட்டால் எந்தக் கணினியிலும் எடுக்கலாம். அப்பா சனி பின்னேரம் வள்ளத்தை மேலே இழுத்துக் கட்டுவது போல, நானும் சனி பின்னேரம் அந்த வாரத்து வேலை முழுவதையும் ஏற்றிவிடுவேன். ஆனால் அந்தச் சனி இணைப்பு மந்தம். பாதியில் நிற்கும்போது செபத்துக்கு மணி அடித்தது. அப்படியே விட்டுவிட்டு எழுந்து போனேன். முழுவதும் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கவில்லை.

“என்ர கந்தோர்ல ஒரு பழைய கொம்பியூட்டர் கிடக்கு. வாங்கோ” என்றார் பங்குத்தந்தை. அவர் முகத்தில் குற்றவுணர்வு.

அம்மாவும் கூடவே வந்தார். கோயில் அலுவலகத்தில், ஞானஸ்நானப் பதிவேடுகள் அடுக்கிய அலுமாரிக்குப் பக்கத்தில் அந்தக் கணினி. அது உயிர்பெறுவதற்குள் அம்மா பாதிச் செபமாலை சொல்லி முடித்தார். கடவுச்சொல்லைத் தட்டிக் காத்திருந்தேன்.

இருந்தது. எல்லாம் இருந்தது. சனிக்கிழமை கடைசியாக எழுதிய வரி வரைக்கும், நான் இடையில் எனக்கென்று எழுதி வைத்த குறிப்பும் கூட. நான் செபத்தில் முழந்தாளிட்டிருந்த நேரத்தில், ஆள் பாராமல், அது தானாகக் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எப்படி என்று எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். தெரிந்தும் உடம்பு புல்லரித்தது.

“எங்கயிருந்து வருது?” என்றார் அம்மா.

“வேற நாட்டில ஒரு பெரிய கட்டடத்தில கிடக்குது.”

“நீ பாத்தனியோ அந்தக் கட்டடத்தை?”

“இல்லை.”

“பாக்காமலே எல்லாத்தையும் குடுத்து வச்சிருக்கிறாய்.” அம்மா செபமாலையை முத்தமிட்டுவிட்டுச் சிரித்தார். “நான் பாக்காமல் நம்பினா மட்டும் சிரிப்பாய்.”

திங்கள் காலை அந்தக் கந்தோரிலிருந்தே படகு நேரங்களை இயக்கிக் காட்டினேன். என் முதுகுக்குப் பின்னால் திரு இருதய ஆண்டவர் படம். நேரங்கள் பிசகவில்லை. வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் வள்ளம் முதல் தடவையாகக் கடலுக்குப் போய்த் திரும்பியிருந்தது. பாரை மீன் கழுவிக்கொண்டிருந்த மாமி தலை நிமிராமலே கேட்டார்: “என்ன, பிடிச்சியோ?”

“ஓம் மாமி.”

அவ்வளவுதான் பேசினோம். அன்று முழுவதும் நான் நிலத்தில் நடக்கவில்லை.

மடிக்கணினி செவ்வாய் பின்னேரம் உயிர்த்தது. ஒரு விசை மட்டும் இன்னும் இறுக்கம்.

நேற்று நிரந்தர வேலைக்கான ஒப்பந்தம் வந்தது. மாதத்தில் ஒரு ஞாயிறு, படகுப் பக்கத்தைக் கண்காணிக்கும் முறை எனக்கும் உண்டு என்று அதில் இருந்தது. இரண்டு தரம் வாசித்தேன். வேலை கைநழுவிவிடுமோ என்ற பயம் இருந்தது. ஆனாலும் ஞாயிற்றுக்குப் பதில் மாதத்தில் இரண்டு சனி தாருங்கள், நான் இருக்கிறேன் என்று எழுதினேன். ஞாயிறு எங்கள் கரையில் பூசைக்கான நாள் என்ற காரணத்தையும் மறைக்காமல் எழுதினேன். அதன் கீழே என் பெயரை முழுதாக ஒப்பமிட்டு, இன்று காலை அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்ததா என்று இம்முறை பார்த்தேன். சேர்ந்திருக்கிறது.