பதிமூவாயிரமும் பதினொன்றும்

டொரான்டோவுக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன் — பதிமூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நடுவில் விமானம் மாறும் நேரத்தையும் சேர்த்தால் இருபத்திரண்டு மணி நேரம்.

இதெல்லாம் எனக்கு எதற்கு? போன வாரம் மகள் கவிதா முதல் தடவையாகக் குழந்தையோடு வந்தாள். பேத்திக்குப் பத்து மாதம். போன் திரையில் மட்டுமே பார்த்த முகம். ஏர்போர்ட்டில் நான்தான் முதலில் தூக்குவேன் என்று தெருவில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு விமானம் இறங்கும். காலை எட்டுக்குக் கார். விமானம் எந்தக் கடல் மேல் பறக்கிறது என்று செல்போனில் பார்த்தபடியே சட்டையை மாட்டினேன். அப்போதுதான் டிரைவர் ஏழுமலை கூப்பிட்டார். கீழ்பென்னாத்தூர்க்காரர்.

"சார், ஊருக்கு வெளியவே நிறுத்திட்டாங்க. வண்டி உள்ள வராது. இன்னிக்குப் பௌர்ணமி சார்!"

நான் குடியிருப்பது திருவண்ணாமலையில்... அதுவும் ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில், கிரிவலப் பாதையிலேயே. கனடாவில் மணி என்ன என்று தெரியும். பௌர்ணமி தெரியவில்லை! தூரத்தில் இருக்கும் பிள்ளைகளின் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் நம் ஊர் வானத்தை நிமிர்ந்து பார்க்க மறந்துபோகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே?

கேட்டைத் திறந்தால் ஒரே ஜனக்கூட்டம். மலையை வலம் வருகிறவர்கள் எல்லோரும் மேற்கே போகிறார்கள். என் கார் நிற்பதோ கிழக்கே.

"எதிர்ல நடந்தா மூணு கிலோமீட்டர்தான்" என்றேன்.

"பௌர்ணமி அன்னிக்கு மலைய எதிர்ச்சுத்து சுத்துவீங்களா? கொழந்த வர்ற நேரத்துல?" என்றாள் மனைவி.

நான் பகுத்தறிவு பேசுகிற ஆள். வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியிலேயே பக்கம் பக்கமாகப் பேசியிருக்கிறேன். ஆனால்... பேத்தி விஷயமாயிற்றே! கூட்டத்தோடு மலையைச் சுற்றிக்கொண்டு மறுபக்கமாகக் காருக்குப் போவது என்று முடிவெடுத்தேன். வெறும் பதினொரு கிலோமீட்டர்!

பாதி வழியில் இருக்கும் அடி அண்ணாமலை வருவதற்குள் மணி பத்தரை. மூட்டு மேற்கொண்டு நகர மறுத்தது. ஏழுமலை மறுபடி கூப்பிட்டார்.

"சார், இதுக்கு மேல லேட்டானா பொண்ணு கைக்கொழந்தையோட நின்னுக்கினு இருக்கும். நான் போய் இட்டுக்கினு வந்துடட்டுமா?"

வேறு வழி? ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து "போங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மூன்று மணிக்குக் கவிதா போட்டோ அனுப்பினாள். ஏழுமலை தோளில் பேத்தி. இருக்கிற இரண்டு பல்லும் தெரிய ஒரு சிரிப்பு. எனக்குப் பொறாமை தாங்கவில்லை.

மீதித் தூரத்தை உட்கார்ந்து உட்கார்ந்து நடந்து, வண்டிகளை நிறுத்தும் இடத்துக்குப் போய்க் காத்திருந்தேன். இருட்டுகிற நேரத்தில் கார் வந்தது. கையை நீட்டினேன். பேத்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். உதடு பிதுங்கியது. வீல் என்று அலறியவள், திரும்பி ஏழுமலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"தாத்தா, பாப்பா... நல்ல தாத்தா. போம்மா" என்று அவர் எனக்காகச் சிபாரிசு செய்தார்.

எனக்கும் அவளுக்கும் நடுவே இரண்டடி இருக்கும். அதைக் கடக்க நான்கு நாள் ஆயிற்று.