பால்சுறா தேடிப் போன ரஞ்சிதம்

எங்கள் தெருவில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் ஜோசியருக்கு முன்னால் ரஞ்சிதத்துக்குத்தான் சேதி போகும். செஞ்சியில் மீன் விற்கிறவர்கள் எத்தனையோ பேர். பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்றால் அவள்தான் வர வேண்டும். முதல் பஸ்ஸில் திண்டிவனம் போய், அங்கிருந்து மரக்காணம் பக்கத்து மீனவக் குப்பம் ஒன்றுக்கு இன்னொரு பஸ் பிடித்து, பால்சுறா வாங்கிக்கொண்டு சாப்பாட்டு வேளைக்குள் திரும்பிவிடுவாள். சுறாவை வேகவைத்துத் தோலை உரித்து, சதையை உதிர்த்து, பூண்டையும் மிளகையும் அள்ளிப் போட்டுப் புட்டு செய்து கொடுத்தால் தாய்க்குப் பால் ஊறும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. என் இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் கொண்டுவந்த சுறாதான். பால் சுறாவால் ஊறியதா, தானாகவே ஊறியதா என்று எனக்குத் தெரியாது. அதை அவளிடம் கேட்கிற தைரியமும் எனக்கு இருந்ததில்லை.

அவள் வாய் அப்படி. யாராவது பேரம் பேசினால், "கடலு உங்க கொல்லையிலயா இருக்குது? போய் நீயே புடிச்சுக்கினு வா" என்பாள். ஆனால் பிள்ளை பெற்றவளின் அறை வாசலுக்கு வந்துவிட்டால் குரல் தணிந்துவிடும். "குட்டி எவ்ளோ சின்னதோ அவ்ளோ பாலும்மா" என்று சொல்லிச் சொல்லி ஊரையே பழக்கியவளும் அவள்தான். உள்ளங்கை நீளத்துக்கு மேல் இருந்தால் நாங்கள் முகம் சுளித்தோம். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட, அந்த மீன்கூடையை வைத்தே மகள் ஷோபனாவைப் படிக்கவைத்து, அவலூர்பேட்டையில் கட்டிக்கொடுத்தாள்.

நாலைந்து வருஷமாகவே கூடை காலியாக வந்துகொண்டிருந்தது. கரையோரத் தண்ணீர் சூடாகிவிட்டதாம். குளிர்ச்சி தேடி மீனெல்லாம் ஆழத்துக்கும் தூரத்துக்கும் போய்விட்டதாம். சின்னப் படகுக்காரர்கள் அவ்வளவு தூரம் போனால் டீசலுக்கே கட்டுப்படியாகாதாம். "கடலு கொதிக்குதுன்றாங்க" என்று அவள் சொன்னபோது நான் சிரித்தேன். சித்திரை வெயிலில் கோட்டைப் பாறை ராத்திரி வரை அனல் கக்குகிற ஊரில் இருந்துகொண்டு, கடலுக்குமா சூடு என்று கேலி பேசினேன்.

பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த ஷோபனாவுக்கு இந்தச் சித்திரையில்தான் பெண் குழந்தை பிறந்தது. பால் வரவில்லை. குழந்தையை அடிக்கடி மார்பில் போடுங்கள், அதுவரை பவுடர் பால் கொடுங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். குழந்தை மார்பைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு அழும். அதைப் பார்த்து ஷோபனாவும் அழுவாள். பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்கே அது கேட்கும்.

"ஊருக்கெல்லாம் வாங்கியாந்து குடுத்தியேம்மா. எனக்கு ஒண்ணு கெடைக்காதா?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டாள். ரஞ்சிதம் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

அது மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காகப் பெரிய விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஃபைபர் படகுகள் மட்டும் கரையோரம் போய்வரும். கரையோரத்தில் என்ன இருக்கிறது? தினமும் போனாள், தினமும் வெறுங்கையோடு வந்தாள். இதற்கு மேல் அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு வேறு. வயிற்றில் குட்டியோடு சுறா சிக்கினால் திரும்பக் கடலில் விட வேண்டும், குட்டியை யாரும் விற்கக் கூடாது என்று மாசியில் ஊர்ப் பஞ்சாயத்து முடிவு செய்திருந்தது. மீன்வளத் துறையினர் பல வருஷமாகக் கேட்டும் காது கொடுக்காதவர்கள், வலை காலியான பிறகு தாங்களாகவே கூடி எடுத்த முடிவு அது.

கரையில் ஏலம் விடுகிற லட்சுமியம்மாளிடம்தான் ரஞ்சிதம் எப்போதும் மீன் எடுப்பாள். ஒரு நாள் லட்சுமியம்மாளின் மகன் வளவன் வலையில் ஒரு சுறா செத்தே வந்திருந்தது. வயிறு உப்பியிருந்தது.

"மாசியிலயே வயித்துல குட்டியோட வருதுங்க. வெயிலு முந்திக்கிச்சு. தடைச் சட்டம் பழைய தேதியிலயே நிக்குது" என்று வளவன் முணுமுணுத்துக்கொண்டே வயிற்றைக் கீறினான். உள்ளே நாலு குட்டிகள். நாலும் அசைந்தன.

"பொழைச்சா பொழைக்கட்டும், தண்ணியில வுட்டுட்டு வந்துடறேன்" என்று அவன் கையில் எடுத்தான்.

ரஞ்சிதம் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "யக்கா, என் பொண்ணுக்குப் பாலு இல்ல" என்று லட்சுமியம்மாளைப் பார்த்துச் சொன்னாள்.

"அதான் பெருசு செத்துக் கெடக்குதே. அதுல ஒரு துண்டு வாங்கிக்கினு போயேன். அதும் சொறாதானே?"

"சின்னதுதான்க்கா பாலு குடுக்கும். நான் சொல்லித்தானே ஊரே வாங்குது."

லட்சுமியம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். அவளும் பிள்ளை பெற்றவள்தானே. ஊர்க் கட்டுப்பாடு தெரிந்தும், யாரும் பார்ப்பதற்குள் நாலையும் ஐஸுக்குள் வைத்து மூடிக்கொடுத்தாள். காசு வாங்கவில்லை. வளவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

திரும்புகிற பஸ்ஸில் பாதி வழி வரைக்கும் மடியிலிருந்த கூடைக்குள் ஐஸ் நகர்கிற சத்தம் கேட்டதாம். இதை அவள் பிறகுதான் என்னிடம் சொன்னாள். கண்டக்டர் கேட்டதற்கு, "ஒண்ணுமில்ல சார், ஐஸ் கரையுது" என்றாளாம்.

வந்த கையோடு புட்டு செய்தாள். பூண்டு உரித்துக் கொடுத்தது நான்தான். ஷோபனா ஒரு துணுக்குகூட மீதி வைக்காமல் சாப்பிட்டாள். அடுத்த நாள் பார்த்தோம், அதற்கடுத்த நாளும் பார்த்தோம். பால் ஊறவில்லை. குழந்தை பவுடர் பாலுக்கே பழகிக்கொண்டது. ஊரில் எத்தனையோ வீடுகளில் நல்ல பெயர் வாங்கியவள், சொந்த வீட்டில் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தாள்.

ஆடி பிறந்த பிறகு ஒரு நாள் நான் ரஞ்சிதம் வீட்டில் இருந்தபோது பனமலையிலிருந்து போன் வந்தது. பழைய வாடிக்கைக்காரர் ஜெயஸ்ரீ. மருமகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, குட்டிச் சுறா வேண்டும் என்றார்.

"இல்லம்மா. நான் சொறா எடுக்கறத வுட்டுட்டேன்" என்றாள் ரஞ்சிதம். அந்தப் பக்கம் ஏதோ கெஞ்சுவது கேட்டது. "சின்னதுதான் ஒசத்தின்னு சொல்லிக் குடுத்ததே நான்தாம்மா. அது தப்பு. டாக்டர் சொல்றபடி பாருங்க. வேற மீன் வேணும்னா கேளுங்க, கொண்டாறேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்த ஷோபனா அம்மாவையே பார்த்தாள். "தப்புன்னு தெரியுதில்ல. அப்பறம் எனக்கு மட்டும் ஏம்மா வாங்கியாந்த?"

ரஞ்சிதம் குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"கையில வாங்கறப்ப உன் கொழந்த மட்டுந்தான் நெனப்புல இருந்துச்சுடி. அதுங்களும் கொழந்தைங்கன்னு பஸ்ல வர்றப்பதான் தெரிஞ்சுச்சு. எறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். நான் போவல."

ஷோபனா பால் கரைக்க வெந்நீர் வைக்கப் போனாள்.