இருபது கிலோ இரக்கம்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் நான் போகலை. அங்கன ஜெபராஜோட செல்போன் ரிப்பேர் கடை இருக்கு. அவன் முகத்துல முழிக்க எனக்கு முடியலை.

என்ன நடந்ததுன்னு சொல்லிருதேன்.

நான் பாவூர்சத்திரத்துல எடை மேடை வச்சிருக்கேன். காய்கறி லாரி வரும், ஏறும், இறங்கும். நம்பரைச் சொல்றது என் வேலை. அதிகம் பேச வேண்டாத தொழில். எனக்குத் தோதான தொழில்.

இதுல கார் ரேஸ் எங்கிருந்து வந்தது?

நம்ம பக்கத்து ஆட்கள் சிலபேர் பழைய கார்களை வச்சு ரேஸ் ஓட்டுறாங்க. தொழிலா இல்லை, ஆசைக்கு. சுந்தரபாண்டியபுரம் தாண்டி, சூரியகாந்தி அறுத்து முடிச்ச காட்டுல, அடுத்த உழவுக்கு முன்னாடி ஒருநாள் ஓட்டிக்கிடுவாங்க. அடிக்கடி ஷூட்டிங் நடந்து சினிமாக்காரங்களைப் பார்த்துப் பழகின ஊர். புழுதிக்கெல்லாம் அசராது.

ஆனா எல்லாக் காரும் ஒண்ணுபோல இருக்குமா? ஒண்ணுல எஞ்சின் துள்ளும். இன்னொண்ணுல மூச்சு வாங்கும். ஓட்டுற ஆளுல ஒருத்தர் நூறு கிலோ, ஒருத்தர் அம்பது. அப்படியே விட்டா ரேஸ் ஆரம்பிக்கும் முன்னாடியே முடிஞ்சிரும். அதுக்குத்தான் ஒரு கணக்கு வச்சிருக்காங்க. எஞ்சினுக்கு எத்தனை குதிரை சக்தியோ, குதிரைக்கு இத்தனை கிலோ சுமக்கணும். காரும் ஆளும் சேர்த்து. குறைஞ்சா மணல் மூட்டை. பக்கத்து சீட்டைக் கழட்டிட்டு அந்த இடத்துல பெல்ட் போட்டு இறுக்கிருவோம்.

பலம் உள்ளவன் கூடச் சுமக்கணும். நல்ல ரூல்தானே? நாட்டுல வேற எங்கயாவது இப்படி ஒண்ணு இருக்கா சொல்லுங்க...

அந்த எடையைப் போடுறதுதான் என் பொறுப்பு. காலையில எல்லாக் காரும் என் மேடையில ஏறிட்டுத்தான் காட்டுக்குப் போகணும்.

முதல்ல முருகேசன் வந்தான். காய்கறி கமிஷன் கடைக்காரர் மகன். ஆள் ஆனைக்குட்டி. கணக்குக்கு மேலேயே இருந்தது எடை.

"அண்ணாச்சி, எனக்கு மூட்டை கிடையாதா?" என்றான்.

பின்னாடி வரிசையிலிருந்து ஜெபராஜ் தலையை நீட்டினான். "ஒனக்கு எதுக்குலே மூட்டை? நீயே மூட்டை!"

எல்லாரும் சிரிச்சாங்க. முருகேசனும்தான்.

அடுத்து ஜெபராஜ். அவனைப் பத்திச் சொல்லணும். ஆய்க்குடிக்காரன். லாரி மோதி இடது கால் போச்சு, முட்டிக்கு மேல. கட்டைக்கால் போட்டிருக்கான். கிளட்சைக் கையால அமுக்குற மாதிரி கியர் கம்பியில ஒரு லீவர் வச்சு, அவனே காரை மாத்திக்கிட்டான். நல்லா ஓட்டுவான். ரொம்ப நல்லா ஓட்டுவான்.

மேடையில ஏறினதும் சொன்னான், "அண்ணாச்சி, இருங்க. காலைக் கழட்டிக்கிடுதேன். ஓட்டும்போது அது இடிக்கும், போடமாட்டேன். அதையும் சேர்த்து எடை போட்டா தப்பாயிரும்லா?"

கழட்டி, பொண்டாட்டி ஸ்டெல்லா கையில குடுத்தான். அந்தப் பிள்ளை அதைக் கைப்பிள்ளை மாதிரி வாங்கிக்கிட்டது.

நம்பரைப் பார்த்தேன். நாப்பது கிலோ குறையுது. ரெண்டு மூட்டை.

"எவ்வளவு அண்ணாச்சி?"

"இருவது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? எடை மேடை வைக்கும் முன்னாடி நான் மார்க்கெட்ல தராசு பிடிச்சவன். எடை சரியா வந்த பிறகும் ரெண்டு மிளகாயை அள்ளிப் போடுவோம். கொசுறு. கஷ்டப்பட்டவங்கன்னு தெரிஞ்சா கை தானா இன்னும் கொஞ்சம் அள்ளும். யாரும் கேட்கமாட்டாங்க. யாருக்கும் வருத்தமும் கிடையாது. அந்தப் பழக்கம். ஒரு காலோட வந்திருக்கான், ஒரு மூட்டை சுமந்தாப் போதாதான்னு தோணிச்சு.

ஒரு மூட்டையைக் கட்டினேன். என்னமோ தர்மம் பண்ணின மாதிரி மனசுல ஒரு குளிர்ச்சி. அதை நினைச்சா இப்ப குமட்டுது.

அன்னைக்கு கோயம்புத்தூர்ல ரேஸ் டீம் வச்சிருக்கிற ஒருத்தர் பார்க்க வந்திருந்தார். ஜெயிக்கிறவனை அங்க உள்ள நிஜ ட்ராக்குல ஓட்ட வைக்கிறேன்னு சொல்லியிருந்தார். ஜெபராஜ் ரெண்டு வருஷமா காத்திருந்தது இதுக்குத்தான். அவன் மச்சினன்மார், "கால் இல்லாதவனுக்கு கார் ரேஸ் ஒரு கேடா?"ன்னு ஸ்டெல்லாகிட்ட குத்திக்கிட்டே இருப்பாங்களாம்.

ரேஸ் நடந்தது. கடைசிச் சுத்து வரைக்கும் முருகேசன் முன்னால. கடைசி வளைவுல ஜெபராஜ் உள்பக்கமா நுழைஞ்சான். ஒரு பானெட் நீளம்... ஜெயிச்சுட்டான்!

ஸ்டெல்லா கட்டைக்காலைத் தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ஓடினா. நானும் கத்தினேன். அதுக்கு முன்னாடி நான் கத்தி யாரும் கேட்டிருக்கமாட்டாங்க.

முருகேசனுக்கு எரிச்சல். தோத்தவன் பேசுறது சகஜம்தான். "பாவப்பட்டு எவனோ எடையைக் கொறைச்சு விட்டிருப்பாம்ல" என்றான். சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது.

ஜெபராஜ் விடலை. "ஏலே, வா. இப்பவே போவோம். அண்ணாச்சி மேடையிலேயே ஏத்துதேன். ஒரு கிலோ கொறைஞ்சாலும் கப்பு ஒனக்கு."



"வேண்டாம் தம்பி, அவன் கெடக்கான். விடு" என்றேன்.

"இல்ல அண்ணாச்சி. என் பேரு சம்பந்தப்பட்டது."

எல்லா வண்டியும் பாவூர்சத்திரம் வந்தது. கார் ஏறிச்சு. நம்பர் விழுந்தது. இருவது கிலோ குறைவு. அதை மறைக்க முடியாது, வெளியே பெரிய எழுத்துல சிவப்பா எரியும். காலையில என் வாயை நம்பி யாரும் அதைத் திரும்பிப் பார்க்கலை.

"பெட்ரோல் எரிஞ்சிருக்கும்" என்றேன்.

ஆமா, அப்பவும் பொய்தான் சொன்னேன்.

"இருவது கிலோவுக்கா?" என்றான் முருகேசன். "இவன் கார் பெட்ரோலைக் குடிச்சுதா, குளிச்சுதா?"

கூட்டம் சிரிச்சுது. "வழியில மண்ணைக் கொட்டியிருப்பான்" என்றது ஒரு குரல். "கட்டைக்காலுக்குள்ள வச்சுக் கடத்தியிருப்பாம்டே" என்றது இன்னொண்ணு. ஜெபராஜ் குனிஞ்சு மூட்டையைத் தடவிப் பார்த்தான். கட்டு அவிழலை. மூட்டை கிழியலை. அவனுக்கு ஒண்ணும் புரியலை.

ஸ்டெல்லா மெதுவாக் கேட்டா, "ஏங்க... நீங்க ஏதும் பண்ணினீங்களா?"

அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையை நான் எழுதப் போறதில்லை.

அப்பதான் என் வாய் திறந்தது. "அவன் ஒண்ணும் பண்ணலை. நான்தான். காலையில நாப்பது காட்டுச்சு. நான் இருவதுன்னு சொன்னேன்."

மேடைக்கு வெளியே தக்காளி லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். அவனுக்கு என்ன தெரியும்...

"எதுக்கு அண்ணாச்சி?" என்றான் ஜெபராஜ்.

நான் அவன் காலைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

"நான் உங்ககிட்ட கொசுறு கேட்டேனா?"

அவ்வளவுதான் கேட்டான். ஸ்டெல்லாகிட்டேருந்து காலை வாங்கி மாட்டினான். கப்பை முருகேசன் கார் பானெட்டுல வச்சான். அதை எடுக்க முருகேசன் கை வரலை. கோயம்புத்தூர்க்காரர், "ரூல் ரூல்தான்"னு சொல்லி முருகேசன் போன் நம்பரை வாங்கிட்டுப் போனார். போட்டோ யாரும் எடுக்கலை.

ரேஸ் முடிஞ்சா எல்லாரும் குத்தாலம் போய் ஐந்தருவியில குளிக்கிறது வழக்கம். அன்னைக்கு நான் மட்டும் போனேன். தண்ணி தலையில அடிச்சுது. புழுதி போச்சு.

ஒண்ணு மட்டும் ஓயாம உறுத்துது. அந்த இன்னொரு மூட்டையையும் கட்டியிருந்தா அவன் ஜெயிச்சிருப்பானா? இருக்கலாம். இல்லாமலும் போகலாம். யாருக்கும் தெரியாது. அவனுக்கே இனி தெரியாது. என் இரக்கம் அவன்கிட்டேருந்து எடுத்துக்கிட்டது அதைத்தான்.

எல்லாருக்கும் சமமா சுமை ஏத்துறதுக்குத்தான் அந்தக் கணக்கு. அவன் காலைக் கழட்டிக் குடுத்து, "என் சுமையைச் சரியாப் போடுங்க"ன்னான். அவனைச் சமமா நினைக்காத ஒரே ஆளு அங்கன நான்தான். முருகேசன்கூட அவன்கிட்ட சண்டைதான் போட்டான். சண்டை சமமான ஆளுகிட்டதானே போடுவோம்?

இனிமே நான் எடை போட வரலைன்னு ரேஸ்காரங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். நேத்து ஜெபராஜ் போன் பண்ணினான்.

"ஓடி ஒளியாதீங்க அண்ணாச்சி. அடுத்த ரேசுக்கும் நீங்கதான் எடை போடணும். நான் பக்கத்துல நின்னு நம்பரைப் பார்ப்பேன்."

சரின்னேன். அவன் நம்பரைப் பார்ப்பான். நான் எதைப் பார்க்குறது?